முதலில் படம் எடுக்கக் கற்பதா, திருத்தக் கற்பதா?

கேள்வி, ஜூன் 4

நான் ஒளிப்படக்கலை பயிலும் மாணவன். பழைய கேமரா ஒன்றும் அதனுடன் வந்த 18–55 மி.மீ. லென்ஸும் என்னிடம் இருக்கின்றன. எடுக்கும் படங்கள் சப்பென்று இருக்கின்றன. கணினியில் ஸ்லைடர்களை நகர்த்தினால் அந்த நேரத்துக்கு அழகாகத் தெரிகின்றன; மறுநாள் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. “எப்படியாவது எடுத்துவிடு, மென்பொருள் பார்த்துக்கொள்ளும்” என்கிறார்கள் நண்பர்கள். “திருத்துவது ஏமாற்று வேலை, எடுக்கும்போதே சரியாக எடு” என்கிறார் எங்களுக்குக் கற்பிப்பவர். எதை முதலில் கற்பது?

ஜூன் 4, இரவு

இரு தரப்பும் பாதி உண்மையைச் சொல்கின்றன. ஆனால் நண்பர்கள் சொல்லும் பாதி அதிக ஆபத்தானது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குவியம் தவறிய கண்ணையும், கை நடுங்கியதால் இழுபட்ட உருவத்தையும், முகத்தின் தவறான பக்கத்தில் விழுந்த ஒளியையும், அரை நொடி முன்னரே கடந்துபோன சைகையையும், நீங்கள் நிற்கத் தவறிய இடத்தையும் எந்த மென்பொருளும் உண்மையாக மீட்டுத் தராது. சிலவற்றை இன்றைய கருவிகள் கற்பனை செய்து நிரப்பும். அது மீட்பு ஆகாது.

ஆசிரியர் சொல்லும் பாதிக்கு வருகிறேன். திருத்தப்படாத டிஜிட்டல் படம் என்று ஒன்று கிடையாது. கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற நிற வடிகட்டி அமைப்பைத்தான் இன்றும் பெரும்பாலான கேமராக்கள் பயன்படுத்துகின்றன. அதில் சென்சாரின் (ஒளியை அளக்கும் சில்லின்) பாதிப் புள்ளிகள் பச்சையையும், கால் பங்கு சிவப்பையும், கால் பங்கு நீலத்தையும் மட்டுமே அளக்கின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட மற்ற இரு நிறங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு நிரப்புகிறார்கள். அதன் பிறகு ஒயிட் பேலன்ஸ் (ஒளியின் நிறத்தைச் சமன் செய்தல்), கான்ட்ராஸ்ட், கூர்மை, இரைச்சல் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்) நீக்கம் ஆகிய அனைத்தும் கேமராவுக்குள்ளேயே நடந்து முடிந்துதான் ஜேபெக் என்னும் படக்கோப்பு வெளியே வருகிறது. ஆகவே திருத்தலாமா கூடாதா என்பது இங்கே கேள்வியே இல்லை. கேமராவை வடிவமைத்த பொறியாளர் திருத்துகிறாரா, நீங்கள் திருத்துகிறீர்களா என்பதுதான் கேள்வி.

எது முதலில் என்பதற்கு நாளை மறுநாள் எழுதுகிறேன். இப்போது எழுதினால் வழக்கமான அறிவுரையாக முடிந்துவிடும்.

ஜூன் 6

இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள், ஆனால் திருத்தும் மேசையை வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்துங்கள் என்பதே என் பதில். படத்தை அழகாக்கும் இடமாக அதைக் கருதாமல், எடுக்கும்போது என்ன நடந்தது என்று விசாரிக்கும் இடமாகக் கருதுங்கள்.

அதற்கு ரா (சென்சார் அளந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), ஜேபெக் இரண்டையும் சேர்த்துப் பதியும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 படிநிலைகள்; 14 பிட் ரா கோப்பில் 16,384. ஆனால் அந்தப் படிநிலைகள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் அளப்பதால், மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்கு (ஒளி இரு மடங்காகும் ஒரு படிக்கு) மட்டும் பாதி, அதாவது 8,192 படிநிலைகள் போய்விடுகின்றன. அடுத்த ஸ்டாப்புக்கு எஞ்சியதில் பாதி. இப்படியே இறங்கினால் ஆழ்ந்த நிழலுக்குச் சொற்பமே மிஞ்சுகிறது. அந்த நிழலுக்குள் ஒளியும் குறைவாகவே சென்று சேர்ந்திருக்கிறது. இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சமாக்கும்போது நிழல்கள் அழுக்கடைவதற்கு இவை இரண்டுமே காரணங்கள்.

நீங்கள் சொன்ன சப்பென்ற தோற்றத்துக்கு ஒரு பகுதி விளக்கமும் இங்கே இருக்கிறது. திருத்தும் மென்பொருளில் திறந்த ரா கோப்பு பல நேரங்களில் மந்தமாகத்தான் தோன்றும். அது சமைக்காத பொருள். அதை ஜேபெக்குடன் ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, கேமரா தன் ஜேபெக்கில் என்னென்ன செய்திருக்கிறது என்று கண்டுபிடித்து, ரா கோப்பை அந்த நிலைக்கு நீங்களே கொண்டுவர முயலுங்கள். கற்கத் தொடங்குபவருக்கு இதைவிடப் பயனுள்ள திருத்தப் பயிற்சி எனக்குத் தெரியாது.

ஜூன் 7

ரா கோப்புகளால் வன்தட்டு நிறைகிறது என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். நிறையட்டும். அப்போதுதான் எதை அழிப்பது என்று யோசிக்கத் தொடங்குவோம்.

ஜூன் 11

மாணவர் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். வண்ணமோ கான்ட்ராஸ்டோ அவற்றின் முதன்மைச் சிக்கல் இல்லை. அறைக்குள் எடுத்த படங்கள் ஏறத்தாழ அனைத்தும் ஐஎஸ்ஓ (கிடைத்த ஒளியைக் கேமரா பெரிதுபடுத்தும் அளவு) 100, ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/15 நொடி என்று கோப்புத் தகவல் சொல்கிறது. உயர்ந்த ஐஎஸ்ஓ படத்தைக் கெடுத்துவிடும் என்று யாரோ அவரை நன்றாகப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இரைச்சலின் பெரும்பகுதி ஒளிப் பற்றாக்குறையால் வருகிறதே தவிர ஐஎஸ்ஓ எண்ணால் வருவதில்லை. ஒளி துகள்களாக, ஒழுங்கற்ற இடைவெளிகளில் வந்து சேர்கிறது; துகள்கள் குறையும்போது அந்த ஒழுங்கின்மை கண்ணுக்குத் தெரிகிறது. நான்கு மடங்கு ஒளியைச் சேர்த்தால் படத்தின் தெளிவு விகிதம் இரு மடங்காகும் என்பது இதன் கணக்கு. ஐஎஸ்ஓவை உயர்த்துவது கிடைத்த ஒளியைப் பெரிதுபடுத்திக் காட்டுகிறது. அது புதிதாக ஒளியைக் கொண்டுவருவதும் இல்லை, கிடைத்ததைக் கெடுப்பதும் இல்லை. ஆகவே இருண்ட அறையில் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு: இந்தக் காட்சிக்கு நான் ஏற்கக்கூடிய மிக மெதுவான ஷட்டர் வேகம் எது, எனக்கு வேண்டிய குவிய ஆழத்துக்கு (முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் தூரத்துக்கு) அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துளையை, எந்த அளவுக்குத் திறக்கலாம். அவற்றை முடிவு செய்தபின் ஐஎஸ்ஓ எங்கே போய் நிற்கிறதோ நிற்கட்டும். 3200-இல் நின்றாலும் மணல் போன்ற இரைச்சலுடன் கூர்மையான முகம் கிடைக்கும். அதை மென்பொருள் பெருமளவு சுத்தம் செய்யும். ஐஎஸ்ஓ 100-இல் கிடைப்பது பளிங்கு போல் சுத்தமான, ஆனால் இழுபட்ட முகம்.

லென்ஸைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் லென்ஸ் 55 மி.மீ. முனையில் எஃப் 5.6 வரைதான் திறக்கும்; எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரிது. 50 மி.மீ. எஃப் 1.8 போன்ற எளிய நிலைக்குவியத் தூர (ஜூம் இல்லாத) லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் மேலான ஒளியை உள்ளே விடும். புதிய கேமரா வேண்டும் என்ற ஏக்கம் எழும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது இரவல் கிடைத்தாலும் போதும்.

ஜூன் 12

நேற்று விட்டுப்போனது. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குவியத் தூரத்தின் தலைகீழ் எண்ணுக்குக் குறையக் கூடாது என்பது பழைய விதி. உங்கள் கேமராவின் சென்சார் முழுச்சட்ட (35 மி.மீ. ஃபிலிம்) அளவைவிடச் சிறியது என்பதால் 1.5-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்; 55 மி.மீ.க்கு ஏறத்தாழ 1/80 நொடி வருகிறது. லென்ஸில் அதிர்வு தடுக்கும் வசதி இருந்தால் இதைத் தளர்த்தலாம். ஆனால் அந்த வசதி உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் சமன் செய்யும். எதிரில் இருப்பவரின் தலையாட்டலை நிறுத்தாது. பேசிக்கொண்டிருப்பவருக்கு 1/125, ஓடுபவருக்கு 1/500 அல்லது அதற்கும் வேகமாக என்று தொடங்கி, முடிவுகளைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜூன் 19

வெண்ணிறச் சுவருக்கு முன் நிறுத்தி எடுத்தவர் ஏன் இருண்டு போகிறார், கறுப்புத் திரைக்கு முன் நிற்பவர் ஏன் வெளிறிப் போகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். கேமராவின் ஒளிமானிக்கு வெள்ளையும் கறுப்பும் தெரியாது. தான் பார்க்கும் பரப்பு சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்றுதான் அது எண்ணுகிறது. வெண்சுவரைக் கண்டால் சாம்பலாக்க ஒளியைக் குறைக்கும். கறுப்புத் திரையைக் கண்டால் சாம்பலாக்க ஒளியைக் கூட்டும். புதிய கேமராக்கள் முகங்களை அடையாளம் கண்டு ஓரளவு சமாளிக்கின்றன என்றாலும் அடிப்படைக் குணம் அதுவே. எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் பொத்தான் இதற்காகத்தான் இருக்கிறது: வெண்மை நிறைந்த காட்சிக்குக் கூட்டல் பக்கம், கருமை நிறைந்த காட்சிக்குக் கழித்தல் பக்கம். முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். வெள்ளைத்தாளை ஒருமுறையும் கறுப்புத்துணியை ஒருமுறையும் சட்டம் நிறைய எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாக வந்து நிற்கும்போது விளக்கமே தேவைப்படாது.

கேமராத் திரையின் வெளிச்சத்தை நம்பாமல் ஹிஸ்டோகிராமை (இருட்டு முதல் வெளிச்சம் வரை படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடத்தை) பாருங்கள் என்பது எல்லோரும் சொல்வது. நானும் சொல்கிறேன், ஆனால் இரு எச்சரிக்கைகளுடன். ரா எடுத்தாலும் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ஜேபெக்கிலிருந்து வரையப்பட்டது. ஆகவே வலது ஓரத்தில் வெட்டுப்பட்டதாகக் காட்டும் பகுதி ரா கோப்பில் சில நேரங்களில் பிழைத்திருக்கும். இரண்டாவது எச்சரிக்கை இதற்கு நேர்மாறானது. சிவப்புப் பூவையோ சிவப்புத் துணியையோ எடுக்கும்போது மொத்த ஒளி காட்டும் வெண்ணிற வரைபடம் அமைதியாக இருக்கும். சிவப்பு மட்டும் உச்சத்தில் முட்டி நிற்கும். விளைவு, இதழ்களின் மடிப்புகள் எல்லாம் மறைந்து ஒரே சிவப்புத் தகடாகிவிடும். பலர் இதைக் குவியப் பிழை என்று எண்ணிக்கொண்டு லென்ஸைக் குறை சொல்கிறார்கள். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் தேர்ந்து வையுங்கள்.

ஜூன் 20

பிரீசெட் (முன்னரே அமைத்து வைத்த திருத்தங்கள்) தொகுப்பு வாங்கலாமா என்ற கேள்விக்கு: பிறர் எழுதிய மருந்துச் சீட்டு உங்கள் நோய்க்கும் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். இலவசமாகக் கிடைத்தால் பிரித்துப் பார்த்து, எந்த ஸ்லைடர் எங்கே இருக்கிறது என்று படியுங்கள். அந்த அளவுக்குப் பயன் உண்டு.

ஜூன் 28

திருத்திய படம் மறுநாள் ஏன் அருவருப்பாகத் தெரிகிறது என்ற முதற்கேள்விக்கே இன்னும் முழுதாகப் பதில் சொல்லவில்லை.

கண் தகவமைந்துவிடுகிறது. நிறச் செறிவைக் கூட்டுகிறீர்கள், சில நொடிகளில் அதுவே இயல்பாகிவிடுகிறது, மீண்டும் கூட்டுகிறீர்கள். ஒவ்வொரு அடியும் சிறியது, ஆனால் தொடங்கிய இடத்திலிருந்து வெகுதூரம் வந்திருப்பீர்கள். இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி எளிமையானது: ஸ்லைடரை மிகை என்று கண் சொல்லும்வரை தள்ளி, ஏறத்தாழப் பாதிக்குத் திரும்பக் கொண்டுவந்து, மூலப் படத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, எழுந்து போய்விடுவேன். அன்று திருத்தியதை அன்றே வெளியிடும் பழக்கம் எனக்கு இல்லை. லைட்ரூம், டார்க்டேபிள், ராதெரபி போன்ற மென்பொருள்கள் மூலக் கோப்பைத் தொடுவதில்லை. நீங்கள் இட்ட கட்டளைகளைத் தனியே எழுதி வைக்கின்றன. ஆகவே எழுந்து போவதில் எந்த இழப்பும் இல்லை.

செறிவைக் கூட்ட வேண்டியிருந்தால் சாட்சுரேஷனுக்குப் பதிலாக வைப்ரன்ஸைத் தொடுங்கள். ஏற்கெனவே செறிந்த நிறங்களை அது அதிகம் கிளறாது, தோல் நிறத்தையும் ஓரளவு காக்கும். சிறு பகுதிகளின் கான்ட்ராஸ்டைக் கூட்டும் கிளாரிட்டியை முகங்களிடமிருந்து தள்ளி வையுங்கள். ஷேடோவை (இருண்ட பகுதிகளை) முழுதாகத் தூக்கி ஹைலைட்டை (வெளிச்சப் பகுதிகளை) முழுதாக இறக்குவது ஒரு தொற்று. எல்லா இடமும் சமமாகத் தெரியும் படத்தில் கண் எங்கும் நிற்காது. நிழல் இருட்டாக இருக்கலாம், அதற்கு அனுமதி உண்டு.

இனி நான் முக்கியமாகக் கருதும் பகுதி. ஒவ்வொரு தொகுதியையும் திருத்தி முடித்ததும், எந்த ஸ்லைடரை மீண்டும் மீண்டும் ஒரே திசையில் நகர்த்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் உங்கள் படமெடுக்கும் முறையைப் பற்றிச் சொல்வதை எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது. எப்போதும் ஷேடோவைத் தூக்குகிறீர்கள் என்றால், ஆட்களை ஒளிக்கு முதுகு காட்டி நிறுத்துகிறீர்கள். எப்போதும் க்ராப் செய்கிறீர்கள் (ஓரங்களை வெட்டுகிறீர்கள்) என்றால், இரண்டு அடி முன்னே போகத் தயங்குகிறீர்கள். எப்போதும் சாய்வைச் சரிசெய்கிறீர்கள் என்றால், கட்டக்கோடுகளைத் திரையில் போட்டுக்கொள்ளவில்லை. எப்போதும் கிளாரிட்டியைக் கூட்டுகிறீர்கள் என்றால், மேகமூட்டத்தின் தட்டையான ஒளியில் மட்டுமே வெளியே போகிறீர்கள், அல்லது லென்ஸில் கைரேகை இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அடுத்த முறை படமெடுக்கப் போகும்போது அந்தத் தாளிலுள்ள ஒன்றை மட்டும் கேமராவிலேயே தீர்க்க முயலுங்கள்.

ஜூலை 3

“பழைய மேதைகள் இப்படியெல்லாம் கணினியில் உட்கார்ந்து கொண்டிருக்கவில்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கணினியில் உட்காரவில்லை, இருட்டறையில் நின்றார்கள்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941 நவம்பர் 1 அன்று நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலவு எழுந்திருந்த காட்சியை எடுத்தார். ஒளி மறையும் அவசரத்தில் ஒளிமானி கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்ததால் அதைக்கொண்டு எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். இரண்டாவது தகடு எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகளின் மேல் விழுந்த வெயில் போய்விட்டது. இதுவரை உங்கள் ஆசிரியரின் கட்சி. ஆனால் அந்த நெகட்டிவின் முன்புறம் மெலிந்திருந்ததால் 1948-இல் அந்தப் பகுதியை மட்டும் வேதிப்பொருளால் செறிவூட்டினார். பல பத்தாண்டுகள் மீண்டும் மீண்டும் அச்சிட்டார். பிற்கால அச்சுகளில் வானம் ஏறக்குறையக் கரும்பலகையாகிவிட்டது. முற்கால அச்சில் மேகக் கீற்றுகளுடன் வெளிறிய வானம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கணம், ஒரே நெகட்டிவ், இரு வேறு மனநிலைகள்.

அவருக்கும் முன்னர், 1850-களில் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் கஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளுக்கு வானத்தை ஒரு நெகட்டிவிலும் கடலை மற்றொன்றிலும் எடுத்து ஒன்றாக அச்சிட்டார். அன்றைய வேதிப்பூச்சு நீலத்துக்கு மிகையாக வினைபுரிந்ததால் ஒரே நெகட்டிவில் இரண்டும் அமைவது கடினமாக இருந்தது.

ஜூலை 5

க்ராப் செய்வதைப் பற்றி ஜூன் 28-இல் கடுமையாகச் சொல்லிவிட்டதாகப் புகார். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெசோன் சட்டத்தை வெட்டுவதை வெறுத்தவர். ஆயினும் தண்ணீர் தேங்கிய இடத்தின் மேல் ஒருவர் தாவும் அவருடைய 1932-ஆம் ஆண்டுப் படம் வெட்டப்பட்டதுதான். வேலி இடுக்கின் வழியாக எடுத்ததால் ஓரத்தில் வேலி மறைத்திருந்தது. வேறு வழி இல்லாதபோது வெட்டுங்கள்.

ஆனால் வெட்டுவதும் அருகில் போவதும் ஒன்றாகாது என்பதை மாணவர்கள் கட்டாயம் உணர வேண்டும். அகன்ற கோண லென்ஸ் மூக்கைப் பெரிதாக்குகிறது என்று சொல்வார்கள். பெரிதாக்குவது உண்மையில் தூரம்தான். ஒரே இடத்தில் நின்று 18-இலும் 55-இலும் ஒரு முகத்தை எடுங்கள்; 18-இல் எடுத்ததை 55-இன் அளவுக்கு வெட்டுங்கள். சட்டத்தின் நடுவில் முகம் இருந்தால் மூக்கும் காதும் ஒரே விகிதத்தில் இருக்கும், நுணுக்கம் மட்டும் குறைந்திருக்கும். பிறகு 18-ஐ வைத்துக்கொண்டே முகம் சட்டத்தை நிறைக்கும்வரை நெருங்குங்கள். அந்தப் படத்தை நண்பருக்குக் காட்டாமல் இருப்பது நல்லது.

ஜூலை 15

எங்கே நிறுத்துவது என்ற கேள்வி இப்போது வந்திருக்கிறது. இதற்கு ஒரே கோடு கிடையாது. படம் பார்ப்பவருக்கு என்ன வாக்குறுதி தரப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அது இடம் மாறும். விளம்பரப் படத்தில் வானத்தையே மாற்றலாம். செய்திப்படத்தில் ஒரு விரலைக்கூட அழிக்கக் கூடாது. நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் 1982 பிப்ரவரி அட்டையில் கீசாவின் பிரமிடுகளை நெருக்கி வைத்தது. செங்குத்தான அட்டைக்குள் கிடைமட்டப் படத்தை அடக்குவதற்காகச் செய்த சிறு நகர்த்தலைப் பற்றி இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். 2015-ஆம் ஆண்டின் வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில், இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் 20 விழுக்காடு விதிமீறிய திருத்தங்களுக்காக விலக்கப்பட்டன. அவற்றுள் நிழல்களை முழுக் கறுப்பாக்கி உள்ளிருந்ததை மறைத்தவையும் இருந்தன. ஆகவே பொருளை அழித்தல் மட்டுமன்று, பர்ன் செய்வதும் (ஒரு பகுதியை இருட்டாக்குவதும்) மிகையானால் அழிப்பதே ஆகும்.

மாணவர் என்ற முறையில் உங்களுக்கு என் பரிந்துரை: எந்தப் போட்டிக்கும் இதழுக்கும் அனுப்பும் முன் அவர்களுடைய விதியை முழுதாகப் படியுங்கள், மூல ரா கோப்பைக் கேட்டால் தயங்காமல் கொடுக்க முடிகிற நிலையில் இருங்கள்.

ஜூலை 24

புதிய தொகுதியைப் பார்த்தேன். இழுபட்ட முகங்கள் போய்விட்டன. மேடை நிகழ்ச்சிப் படங்களில் தோல் நிறம் எவ்வளவு முயன்றும் சரியாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் திறமைக் குறைவு அன்று. கன்னத்தின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு) மஞ்சள் விளக்கும் மறுபக்கத்தில் கதவு வழியே 5500 கெல்வின் பகல் ஒளியும் விழுகின்றன. ஒயிட் பேலன்ஸ் படம் முழுமைக்கும் ஒரே விடைதான் தரும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது நீலமாகவோ ஆரஞ்சாகவோ திரும்பும். மாஸ்க் போட்டு (ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்து) பக்கம் பக்கமாகத் திருத்தலாம், ஆனால் இரு ஒளிகளும் கலக்கும் மூக்கு ஓரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். எனக்கும் அப்படிப்பட்ட அரங்குகள் வாய்த்ததுண்டு. கதவைச் சாத்தச் சொல்ல முடிந்த இடங்களில் சொன்னேன், முடியாத இடங்களில் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன்.

கறுப்பு வெள்ளையைத் தோல்வியின் புகலிடமாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். கேமராவின் படத்தோற்ற அமைப்பை மோனோக்ரோம் ஆக்கிவிட்டு ரா எடுத்தால் திரையில் சாம்பல் நிறங்கள் தெரியும், கோப்பில் வண்ணம் முழுதாக இருக்கும். வண்ணத்தின் கவர்ச்சி மறைந்ததும் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மட்டுமே பார்க்கத் தொடங்குவீர்கள்.

தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே கோணத்தில் ஒன்பது படங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். எது சிறந்தது என்று என்னிடம் முடிவை ஒப்படைக்கிறீர்கள்; அந்த முடிவும் உங்கள் வேலையின் பகுதி. திருத்தத் தொடங்குவதற்கு முன்னரே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். திருத்திய பிறகு தேர்ந்தெடுத்தால் அதிகம் உழைத்த படத்தையே சிறந்த படம் என்று நம்பிவிடுவீர்கள்.

ஜூலை 27

கண்காட்சிக்கு அச்சிட்டபோது படங்கள் இருண்டு வந்தன என்கிறீர்கள். கணினித் திரையின் வெளிச்சம் மிக அதிகமாக இருந்திருக்கும். ஒளிரும் திரையில் போதுமானதாகத் தெரிந்த எக்ஸ்போஷர், ஒளியைத் திருப்பி மட்டுமே தரும் காகிதத்தில் போதாது. திரையின் வெளிச்சத்தை, பக்கத்தில் வைத்த வெள்ளைத்தாளுடன் ஒத்துப்போகும்வரை குறைத்துவிட்டுத் திருத்துங்கள். அளவைப் பொறுத்தவரை, 24 மெகாபிக்சல் கோப்பில் 6000-க்கு 4000 புள்ளிகள் இருக்கின்றன. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று வைத்தால் 20 அங்குலத்துக்கு 13 அங்குலம் தாராளமாக வரும். கூர்மையாக்குதலை அச்சின் அளவை முடிவு செய்தபின் கடைசியாகச் செய்யுங்கள். அச்சகம் வேறு நிறவெளியை (கோப்பில் இடம்பெறக்கூடிய நிறங்களின் வரம்பை) கேட்டாலொழிய எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறவெளியிலேயே கொடுங்கள். முழுத் தொகுதியையும் அச்சிடும் முன், மிகவும் இருண்ட படத்தையும் மிகவும் வெளிறிய படத்தையும் சிறு அளவில் ஒரு தாளில் அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.